பழுது பார்த்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்றுமாறு பணித்தபோது, தலைப்பைத் தேரும் உரிமையை விழாக் குழுவினர் என்னிடமே விட்டுவிட்டார்கள். தமிழ்த்துறையைச் சார்ந்தவள் என்பதால் சங்கப் பாடல்களைப் பற்றியோ இக்காலக் கவிதையைப் பற்றியோ நான் பேசக்கூடும் என நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்துப் பழுது பார்ப்பது பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மேடைக்கு இஃது ஏற்ற பொருளா என்ற ஐயம் எழலாம். சொற்களைக் கொண்டு தொழில் செய்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று அந்த முற்றத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. அதனை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

'பார்த்தல்' என்னும் சொல்

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கெட்டுப்போன ஒன்றை நேராக்குவதற்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. சீர்செய்தல், செம்மை செய்தல், செப்பனிடுதல் எனப் பலவாறு கூறுகிறோம். இவற்றுள் செப்பனிடுதல் என்பது செம்மையோடு உறவுடைய சொல். பல சுவடிகளை ஒப்பு நோக்கிப் பாடத்தைத் திருத்தமாக நிறுவுவதைச் 'செம்பதிப்பு' என்கிறோம் அல்லவா, அதே குடும்பம்தான். ஆனால் தெருவில் வழங்கும் சொல் இவற்றுள் எதுவும் அன்று. வண்டி நின்றுவிட்டால் நாம் 'பழுது பார்க்க' விடுகிறோம்.

இந்தத் தொடரைச் சற்று நிறுத்திக் கேளுங்கள். பழுதை நீக்குதல் என்று தமிழர் வழங்கவில்லை. பழுதைப் பார்த்தல் என்றே வழங்கினர். வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல், பிள்ளைப்பேறு பார்த்தல் என்பவற்றைப் போல இதுவும் கண்ணை முதலாக வைத்த சொல். குறையைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது இச்சொல்லுக்குள்ளே இருக்கும் அறிவு. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தில் 948ஆம் குறள் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதுவே. முதலில் நோய் இன்னதென அறிதல், அடுத்து அதன் காரணத்தை அறிதல், பிறகு தணிக்கும் வழியை அறிதல், இறுதியிலேதான் செய்தல். நான்கு படிகளுள் மூன்று அறிதலுக்கே உரியன. கைக்கு உரியது ஒன்றே ஒன்றுதான்.

என் இளமையில் என் தந்தையார் வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் டார்ச் விளக்கைப் பிடிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஸ்பானரைத் தொடும் உரிமை என் தம்பிக்கு இருந்தது. விளக்குப் பிடிப்பது பெண் பிள்ளைக்குப் போதும் என்பது வீட்டின் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆயினும் விளக்குப் பிடிப்பவர் கை எங்கே போகிறதோ அங்கே தம் கண்ணையும் செலுத்தியாக வேண்டும். கை செல்லுமுன்னரே ஒளி அங்குச் சென்றிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்தே நான் கற்றேன். பழுது பார்த்தலில் பார்க்கும் பங்கு எனக்கு வாய்த்தது என்பதை இன்று பேறாகவே கருதுகிறேன்.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

என் தந்தையார் 1984ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் அது. அதன் பெயர் ஆங்கிலம், பிறப்போ சென்னை. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர்த் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டு மறைந்தது. திருவொற்றியூரில் மட்டும் அந்த வண்டி தொடர்ந்து வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. மூல நூல் அழிந்தபின் படி ஒன்று அயலகத்தில் உயிரோடு இருப்பதைச் சுவடியியல் கற்றவர்கள் அறிவார்கள். புல்லட்டின் கதையும் அவ்வகையினதே. வார்ப்பிரும்பு உருளை கொண்ட அந்தப் பழைய எஞ்சின் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரிப்பிலிருந்து நீங்கியது.

அதன் உருளை 70 மில்லிமீட்டர் விட்டமும், உள்ளே பிஸ்டன் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்டவை. கொள்ளளவு 346 சி.சி. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இக்காலத்து வண்டிகளில் பழகியவர்கள் ஏறி அமர்ந்தால் கால்கள் இரண்டும் தடுமாறும். மேலும், அதனை உதைத்து எழுப்புவதற்கென ஒரு முறை உண்டு. உதைகோலை மெல்ல அழுத்த வேண்டும். விளக்குத் தலையிலுள்ள அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பிஸ்டன் மேலெல்லையை நெருங்கிவிட்டதற்கு அது அடையாளம். அங்கே டிகம்ப்ரசர் பிடியை இழுத்து உள்ளழுத்தத்தைச் சிறிது வெளியேற்றி, உதைகோலை இன்னும் சற்றே தள்ளி, பிடியை விட்டு, கோலை மேலே வரவிட்டு, அதன் பின்னரே முழு உதை. இம்முறை தெரிந்தவருக்கு ஓர் உதை போதும். தெரியாதவர் எவ்வளவு வலிமை உடையவராயினும், கோல் திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். வலிமைக்கு அன்று, காலம் அறிதலுக்கே அந்த எஞ்சின் பணியும்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டி ஒன்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு 1999 தொடங்கி 2024 வரை ஆறு முறை அந்த வண்டி தன் நலத்தை மெய்ப்பித்திருக்கிறது. என் தந்தையார் மறைந்தபோது அதனை எடைக்குக் கேட்டு வந்தார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றார்கள். அன்று முதல் அதன் பராமரிப்பு என் கைக்கு வந்தது.

பிளக்கை வாசித்தல்

நண்பர்களே, ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மிகச் சில. பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து வர வேண்டும். அக்கலவை அழுத்தம் பெற வேண்டும். தக்க கணத்தில் தீப்பொறி விழ வேண்டும். எரிந்த புகை வெளியேற வேண்டும். வண்டி நின்றுவிட்டால் இவற்றுள் ஏதோ ஒன்று இல்லை என்பது பொருள். எது இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவதுதான் பழுது பார்ப்பவரின் தருக்கம்.

இதில் பெருந்துணையாக இருப்பது தீப்பொறி தரும் பிளக். அதனைக் கழற்றி அதன் நுனியை நோக்கினால், உள்ளே நடந்ததெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். நுனி காப்பிப் பொடியின் வெளிர்நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. கரியோடு எண்ணெய்ப் பசையும் இருந்தால் வளையங்களோ வால்வு வழிகளோ தேய்ந்து, ஆயில் எரியறைக்குள் நுழைகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் மிகச் சூடேறுகிறது. ஒரு சிறு பீங்கான் துண்டில் இத்தனை செய்திகள். கல்வெட்டு வாசிப்பவரும் பிளக்கை வாசிப்பவரும் செய்வது ஒரே தொழில் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசிக்காமல் அதனைத் துடைத்துவிட்டு மாட்டுபவர் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தவரோடு ஒப்பர்.

பாயிண்ட் என்று வழங்கும் தொடுமுனைகள் இரண்டு உள்ளன. அவை பிரியும் கணத்தில்தான் தீப்பொறி பிறக்கிறது. அவற்றின் இடைவெளி முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதை அளப்பதற்கு மெல்லிய எஃகுத் தகடுகள் அடங்கிய ஃபீலர் கேஜ் உண்டு. தகட்டை இடையே செலுத்தி இழுத்தால், பட்டும் படாமலும் ஒரு மெல்லிய தடை விரலுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தடையை எண்ணால் எழுத இயலாது. பக்கத்தில் நின்று ஒருவர் நம் விரலைப் பற்றி இழுத்துக் காட்டினால்தான் விளங்கும். டாப்பெட்டைச் சரிசெய்வதும் அத்தகையதே. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் மேலெல்லையில் நிற்க வேண்டும். தள்ளுகோலை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. தொல்லாசிரியர் ஒருவர் நூற்பா செய்திருந்தால் இதனினும் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டில் செய்வோர் கொள்ள வேண்டிய சில நெறிகளையும் இங்குக் குறிப்பிடுவது கடமை. காற்றோட்டமுள்ள வெளியிலேயே பெட்ரோலைக் கையாள வேண்டும். அடுப்போ விளக்கோ அருகில் ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; மூன்றை ஒருசேர மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது தெரியாமலே போகும். அலுமினியத்தில் இறங்கும் போல்ட்டை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் மரை அழியும். பழைய பிரேக் கட்டைகளின் தூசியில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஆதலால் வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கழித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் நாளடைவில் கெடுக்கும். ஆகவே நெடுநாள் நிறுத்தி வைப்பவர்கள் கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துவதும், பழைய குழாய்களை மாற்றிக்கொள்வதும் நலம்.

பெயர் அயல், வினை தமிழ்

இனி, கவிஞர்களாகிய உங்களுக்கெனவே நான் கொண்டுவந்த செய்திக்கு வருகிறேன்.

பணிமனைத் தமிழ் கலப்புத் தமிழ் என்று பலர் இகழ்வதுண்டு. பிளக், பாயிண்ட், காயில், கண்டன்சர், கிளட்ச், கியர், செயின் என எங்கும் ஆங்கிலம் என்பர். இவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் ஆக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. அவை போற்றத்தக்கவை. ஆனால் நான் பல ஆண்டுகள் பணிமனைகளில் நின்று கேட்டதில் வேறோர் உண்மை புலப்பட்டது. பெயர்ச்சொற்கள்தாம் அயல், வினைச்சொற்கள் பெரும்பாலும் தமிழ்.

கேளுங்கள்: வண்டி ஆயில் குடிக்கிறது. புகை தள்ளுகிறது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, திணறுகிறது. கிளட்ச் வழுக்குகிறது. செயின் தொங்குகிறது. பிரேக் பிடிக்கவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. டாப்பெட் தட்டுகிறது. கார்பரேட்டர் வழிகிறது. வண்டி நடுவழியில் படுத்துவிட்டது. இத்தொடர்களில் உள்ள பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, குடித்தல், தள்ளுதல், திணறுதல், வழுக்குதல், தொங்குதல், தட்டுதல், படுத்தல் என்று வினைகளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு பழுதின் துல்லியமான பெயர். 'பிடிக்கவில்லை' என்பது ஒரு நோய். 'பிடித்துக்கொண்டது' என்பது அதற்கு நேர்மாறான மற்றொரு நோய். ஒரே வேரில் பிறந்த இரு வடிவங்கள், முற்றிலும் வேறான இரண்டு குறைகளைச் சுட்டுகின்றன. இது நம் வினைகளின் நுட்பம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பெயருக்கு ஓர் இயலும் வினைக்கு ஓர் இயலும் வகுத்தது. பெயர் எங்கிருந்தும் வரலாம். வணிகத்தோடும் கப்பலோடும் வந்திறங்கலாம். வினையோ ஒரு மக்கள் உலகத்தைக் காணும் முறை. பொருள்களுக்குப் பெயர் சூட்டும் குழுக்களை நாம் அமைத்தோம். பழுதுகளுக்கு வினை சூட்டியவர்கள் எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிரீஸ் படிந்த கால்சட்டையோடு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களிடமிருந்து வீட்டுத் தமிழுக்கும் சொற்கள் வந்து குடியேறியிருக்கின்றன. நிலை தடுமாறிப் பேசுபவனை 'மரை கழன்றவன்' என்கிறோம். கடும் உழைப்புக்குப் பின் 'பெண்டு நிமிர்ந்துவிட்டது' என்கிறோம்; வளைந்த சட்டத்தை நேராக்குவதைப் பணிமனையில் 'பெண்டு எடுத்தல்' என்பார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது நான் ஒரு வாஷரைக் கொண்டுபோய்க் காட்டுவது வழக்கம். தனியே அதற்கு வேலை இல்லை. போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே இல்லாமற்போனால் இரண்டும் தளர்ந்துவிடும். அதன்பின் எந்த மாணவரும் இடைச்சொல்லை மறந்ததில்லை.

மூடியில் இருந்த துளை

ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டி ஒரு புதுமையான நோய் கண்டது. எழும்பும், நன்றாக ஓடும், நாலைந்து கிலோமீட்டர் சென்றதும் திணறி நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்து உதைத்தால் மீண்டும் ஓடும். பெரிய பணிமனை ஒன்றிற்குக் கொண்டுசென்றேன். பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், கார்பரேட்டரைக் கழுவினார்கள். நோய் தீரவில்லை. இறுதியில் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். 'உங்கள் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா, அவர்களிடம் விளக்கிச் சொல்கிறோம்' என்று ஒரு வாசகமும் சேர்ந்து வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேருந்து நிலையத்திற்குப் பின்னால், வேப்பமரத்தடியில் தொழில் செய்துவந்த பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் வண்டியைத் தொடவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, டேங்க் நிறைந்திருக்கும்போதா குறைந்திருக்கும்போதா, நின்றபின் எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று மூன்று வினாக்கள் கேட்டார். ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திணறத் தொடங்கியதும் வந்து நிறுத்தினேன். "டேங்க் மூடியைத் திறங்கம்மா, காதை வெச்சுக் கேளுங்க" என்றார். திறந்தபோது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த ஒலி கேட்டது. உதைத்தேன், வண்டி உடனே எழுந்தது.

பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்று நுழைய ஒரு நுண்துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். காத்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து நுழையும்; மீண்டும் ஓடும். பெரியவர் ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்தித் தூசியை எடுத்தார். "இது மூச்சு விட மாட்டாம கிடந்ததும்மா" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். டீ வாங்கித் தரச் சொன்னார்.

அவர் அறிந்தது ஒரு துளையை மட்டும் அன்று. பதினான்கு வயதில் தொடங்கிய ஐம்பதாண்டுக் காலப் பட்டறிவு அந்த மூன்று வினாக்களுக்குள் அடங்கியிருந்தது. அப்பெரியவர் 2021இல் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இருவர். இருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. அவர் சொல்லித்தந்த சொற்களுள் என் குறிப்பேட்டில் ஏறியவை நூற்றுக்கும் சற்றுக் கூடுதல். ஏறாமற் போனவை அவரோடு சென்றன.

வழுவும் வழுவமைதியும்

பழையன எல்லாவற்றையும் காத்தே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பழைய எஞ்சின் எவ்வளவு செப்பமாக இருப்பினும் இக்கால எஞ்சினைப் போலத் தூய புகையை விடாது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளுக்காக இருசக்கர வண்டிகளில் கார்பரேட்டர் பெரும்பாலும் விலகி, மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் அமைப்பு வந்தது. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அது நன்று. என் வண்டியும் அன்றாடப் பயணத்திற்கு அன்று. வாரம் ஒருமுறை ஓடுகிறது. புகைச் சான்றிதழும் தவறாமல் பெறுகிறது.

ஆயினும் புதிய வண்டியின் மூடிய பெட்டிகளைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்ற வினா எஞ்சியிருக்கிறது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாயிலையும் தொடங்கியது. மோட்டார் வாகனத் துறை அதில் இடம்பெற்ற நான்கு துறைகளுள் ஒன்று. பழுதைப் பார்க்கும் உரிமையே பறிபோய், மாற்றும் கடமை மட்டுமே எஞ்சிய சமுதாயம் எதை இழக்கும் என்பதைக் கவிஞர்கள் சிந்திக்க வேண்டும்.

இலக்கணத்தார் வழுவை வகுத்துக் காட்டியதோடு நில்லாமல், வழுவமைதி என்றும் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். குறை என்று தெரிந்தும் காரணம் கருதி அமைத்துக்கொள்வது அது. பழைய புல்லட் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில் விடும். அந்த ஒரு சொட்டு வழுவமைதி. பத்துச் சொட்டானால் வழு. இரண்டுக்கும் உள்ள எல்லையை அறிவதே பேணுதல். மனிதரோடு வாழ்வதற்கும் இவ்வறிவு வேண்டும். பத்தாண்டு ஓர் இலக்கிய வட்டத்தை நடத்துவதற்கும் வேண்டும்.

சேமவச்சு

பேணுதலை நம் முன்னோர் சிறுதொழில் என எண்ணவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. சுமையோ மிகுதி. மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள் உமணர்கள். அதன் பெயர் சேமவச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். ஓர் இளவரசனைப் புகழ வேண்டிய இடத்தில் அவருக்குக் கிடைத்த உவமை ஒரு மாற்று உதிரிப்பாகம்!

இன்று நாம் காரின் மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கியதால் தெருவின் பெயர் பொருளுக்கு ஆயிற்று. அயல் தெரு ஒன்றின் பெயரைப் பழுதின்றிச் சொல்லும் நாம், நம்மிடமே இருந்த சேமவச்சை மறந்தோம். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்து இட்ட 'மசகு' என்னும் சொல்லாவது மசகெண்ணெயில் பிழைத்திருக்கிறது. சொற்கள் பிழைப்பதும் மறைவதும் அவற்றை யாரேனும் கையாளுவதைப் பொறுத்தது. பாட்டில் ஏறியதால் சேமவச்சை நாம் அறிவோம், ஏறாதவை எத்தனையோ!

திருவள்ளுவரும் பெரிய தேருக்கு ஆணியையும், மிகுசுமையால் முறியும் அச்சையும் உவமையாக்கினார். ஔவையாரும் வள்ளுவரும் தம் காலத்துப் பணிமனையை எட்டிப் பார்த்தவர்கள் என்பதற்கு இவை சான்று. நாமோ நிலவையும் நதியையும் பாடுகிறோம். நம் தெருமுனையில் இருக்கும் பணிமனைக்குக் காற்றடிக்க மட்டுமே போகிறோம்.

ஒரு வேண்டுகோள்

ஆதலின் இவ்வவையினர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்தார். பணிமனைச் சொற்களுக்கு, சிறப்பாக அதன் வினைச்சொற்களுக்கு, அத்தகைய தொகுப்பு ஒன்றை நம் வட்டம் ஏன் தொடங்கக் கூடாது? பொருட்செலவு ஏதும் வேண்டா. உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒருநாள் தம் ஊர்ப் பணிமனை ஒன்றில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். சொல்லை எழுத வேண்டும். எந்தப் பழுதைக் குறிக்கிறது என்பதையும் எழுத வேண்டும். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் எழுத வேண்டும். புலவர் பெயரைப் பாட்டின் கீழ்க் குறித்து வைத்த மரபு நம்முடையது. சொல்லைத் தந்தவரின் பெயரை விட்டுவிடக் கூடாது.

பாயிண்ட்டுக்கும் கார்பரேட்டருக்கும் செவி கொடுத்துப் பழுது கண்ட தலைமுறை அறுபதைக் கடந்துவிட்டது. இன்னும் பத்தாண்டுகள் கழித்துத் தொடங்கினால் கேட்பதற்கு யாரும் இரார். நம் வட்டம் தன் இருபதாம் ஆண்டு மலரை வெளியிடும்போது அச்சொற்கள் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது என் வேட்கை. என் குறிப்பேட்டிலுள்ள நூற்றுச் சொச்சம் சொற்களை முதல் பங்காக இன்று செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். வரும் ஞாயிறு காலை யாரேனும் உடன் வருவதாயின், பேருந்து நிலையத்துப் பின்தெருவில் இன்னும் இரண்டு பணிமனைகள் இருக்கின்றன. விளக்குப் பிடிக்க நான் வருகிறேன்.